'தெரியாது' என்று சொல்லலாம் என்றார்

செஞ்சியில் நான் ஒரு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்திருப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு எந்த ஊரிலும் அதற்கு மேல் தங்கியதில்லை. செங்கல் சூளை, பாலக்காட்டில் பரோட்டாக் கடை, திருப்பூரில் சாயப்பட்டறை என்று சுற்றியாகிவிட்டது. சாயத் தண்ணீரில் நின்று பாதங்கள் வெந்துபோனதும் அங்கிருந்து கிளம்பினேன். திண்டிவனம் சாலையில் தோல் கையுறை தைக்கிற கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சேர்ந்துகொண்டேன். பெட்டி கட்டி லாரியில் ஏற்ற வேண்டும். நான்கு பேருக்கு ஓர் அறை. மழை பெய்தால் ஒழுகாத மூலையில் முறை வைத்துப் படுப்போம்.

அந்தக் கம்பெனியில் முதல் நாளே ஒரு பழக்கத்தைப் பார்த்தேன். மேனேஜர் தையல் ஹாலுக்குள் வந்து, "வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போயிடுமா?" என்பார். லைன் சூப்பர்வைசர்கள் எல்லோரும், "போயிடும் சார்" என்பார்கள். கரண்ட் இல்லாமல் மெஷின்கள் நிற்கும்போதும் போயிடும். நூல் தீர்ந்துபோனாலும் போயிடும். மேனேஜர் அதை நம்புவதில்லை. சென்னையிலிருக்கும் முதலாளிக்குத் திங்கட்கிழமை என்று சொல்லிவைப்பார். முதலாளி அதையும் நம்பாமல் வெளிநாட்டுக்காரனிடம் புதன்கிழமை என்பார். கன்டெய்னர் செவ்வாய்க்கிழமை போகும். ஒருவர்கூட உண்மை பேசாமல் ஒரு தொழிற்சாலை ஒழுங்காக ஓடியது.

பிறகு வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்றே தெரியவில்லை. முதலாளி ஆர்டரைத் தேடியிருக்க வேண்டும். அவர் ஒரு மனோதத்துவக்காரரைத் தேடிப் பிடித்தார். நிச்சயமில்லாத காலத்துக்கு ஏற்ற தலைவர்களைக் கம்பெனிகளில் உருவாக்குவதுதான் அவர் தொழிலாம். கேன்டீனில் அதைப் பற்றித்தான் பேச்சு.

"மனசு டாக்டர் வராராம்டா."

"யாருக்கு முத்திப்போச்சு?"

"மேனேஜருக்குத்தான். நமக்கெல்லாம் மனசு இருக்குதுன்னு யாரு சொன்னது?"

சூப்பர்வைசர்கள் ஆறு பேர். ஐந்து ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் அனந்தபுரம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். டிப்ளமா படித்தவள். மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவளை மூன்றாவது லைனுக்குத் தற்காலிகச் சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள். நிரந்தரமாக்குவதா, மெஷினுக்கே திருப்பி அனுப்புவதா என்று அந்த மாதக் கடைசியில் சொல்வார்கள். சொந்த நிலம் என்று எதையும் பார்க்காத குடும்பம். அவள் அப்பா இன்னும் ஊரார் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வேர்க்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள்.

"கன்ஃபார்ம் ஆயிட்டா நைனாவ வூட்ல உக்கார வெச்சிருவேண்ணா," என்றாள் ஒருநாள். "வெயில்ல மயங்கி மயங்கி வுழுறாரு. சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. உன் வேல நெலையா நிக்கட்டும், அப்பறம் பாக்கலாங்கறாரு."

வகுப்பைக் கோட்டையில் வைத்தார்கள். தலைமையைப் பற்றிப் பேசக் கோட்டைதான் பொருத்தமான இடமாம். ஞாயிற்றுக்கிழமை, எல்லோருக்கும் லீவு நாள். ஆறு பேரோடு மேனேஜரும் வந்தார். தண்ணீர் கேனையும் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் தூக்க என்னைக் கூட்டிப்போனார்கள். கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் உட்கார்ந்து பேசுவதாகத்தான் திட்டம். பாதிகூட ஏறவில்லை, மனோதத்துவக்காரருக்கு மூச்சு இரைத்தது. பாறையில் உட்கார்ந்தார். முகம் துடைத்தார். "ஃப்ரெண்ட்ஸ், உச்சி முக்கியமில்ல. நடக்கிறதுதான் முக்கியம்," என்று சொல்லிவிட்டுக் கீழே நடந்தார். கேனைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்கினேன்.

கல்யாண மகால் பக்கம் மர நிழலில் வகுப்பு நடந்தது. ஒருவர் கண்ணைக் கட்ட வேண்டும், இன்னொருவர் குரல் கொடுத்தே அவரை நடத்திப் போக வேண்டும். முதலில் கண்ணைக் கட்டிக்கொண்டவர் இரண்டாவது லைன் சூப்பர்வைசர், குரல் கொடுத்தவர் முதல் லைன்காரர்.

"கல்லு இருக்குதுய்யா, காலத் தூக்கு!"

"எங்கடா கல்லு? இன்னாடா சொல்ற?"

"பொண்டாட்டி சொன்னா மட்டும் தூக்குவ!"

சுவரில் போய் முட்டிக்கொண்டு அவர் நின்றதும் மனோதத்துவக்காரர் கை தட்டினார். நம்பிக்கை என்றால் இதுதானாம். சூளையில் கண் கட்டாமலே நான் எத்தனையோ சுவர்களில் முட்டியிருக்கிறேன். அதற்கு யாரும் கை தட்டியதில்லை.

அடுத்து வந்ததுதான் அன்றைய முக்கியமான பாடம். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடிச்சவர் பழைய காலத் தலைவர். நாளைக்கு என்ன நடக்கும்னே தெரியாத காலம் இது. எனக்குத் தெரியாதுன்னு தைரியமாச் சொல்றவர்தான் இன்னிக்குத் தலைவர்," என்றார். எல்லோரையும் எழுப்பி நிறுத்தி அதை உரக்கச் சொல்லச் சொன்னார். "எனக்குத் தெரியாது!" என்று ஆறு பேரும் கத்தினார்கள். மதில் மேல் இருந்த குரங்குகள் ஓடின. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் மேனேஜர்.

அந்தப் பெண் மட்டும் கை தூக்கினாள். "மேல இருக்கறவங்ககிட்டயும் சொல்லலாங்களா சார்?"

"அவங்ககிட்டதாம்மா முதல்ல சொல்லணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் தலையை ஆட்டினார். "நல்லாச் சொன்னீங்க சார்," என்றார். அவள் அதைப் பார்த்துக்கொண்டாள். ஆண்கள் ஐந்து பேரும் பொட்டலத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த பெண் என்பதால் அவர் சொன்ன பாடத்தை அவள் அப்படியே கேட்டுக்கொண்டாள். அது ஒன்றுதான் அவள் செய்த தப்பு.

அடுத்த புதன்கிழமை முதலாளி வந்தார். மேனேஜரும் மனோதத்துவக்காரரும் கூடவே ஹாலுக்குள் வந்தார்கள். பேக்கிங் மேஜை ஹாலின் ஓரத்திலேயே இருந்ததால் எல்லாம் எனக்குத் தெரிந்தது. முதலாளி கேட்டது அதே கேள்விதான்.

"வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போயிடுமா?"

"போயிடும் சார்," என்றார் முதல் லைன்காரர்.

"போயிடும் சார்," என்றார் சுவரில் முட்டிக்கொண்டவர்.

அவள் முறை வந்தது. "தெரியல சார். உள்ள வெச்சித் தெக்கற துணி இன்னும் வரல. வந்தா போயிடும், வரலன்னா போவாது. நாளைக்கு மத்தியானம் சொல்லிடறேன் சார்."

மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் தைத்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜரின் முகம் கறுத்தது.

"தெரியலன்னா நீ எதுக்கும்மா இங்க நிக்கற?" என்றார் மேனேஜர்.

அவள் மனோதத்துவக்காரரைப் பார்த்தாள். சாட்சிக்கு வந்தவரைப் பார்ப்பது போன்ற பார்வை அது. அவர் மேஜையிலிருந்த கையுறை ஒன்றை எடுத்து மாட்டி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல குவாலிட்டி," என்றார் முதலாளியிடம்.

சாயங்காலம் கேட் பக்கத்தில், காரில் ஏறப் போன மனோதத்துவக்காரரை அவள் நிறுத்தினாள். பெட்டி இறக்கிக்கொண்டிருந்த நான் அங்கேயே நின்றேன்.

"நீங்க சொன்னதத்தான் சார் சொன்னேன்."

"கரெக்ட்தாம்மா. ஆனா எங்க சொல்றோம், எப்ப சொல்றோம்னு ஒண்ணு இருக்கில்ல? அதுக்கு அடுத்த கட்ட வகுப்பு ஒண்ணு இருக்கு."

"அதையும் கோட்டையிலதான் வெப்பீங்களா சார்? இந்த வாட்டியாவது உச்சிக்குப் போவீங்களா?"

வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அவர் காரில் ஏறினார்.

சூளை மேஸ்திரி என்னை அடித்திருக்கிறார். அடிப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அடித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, அருவருப்பு இல்லை. பயப்படாதே, வா என்று கூப்பிட்டு ஒருத்தியை முன்னால் நிறுத்திவிட்டுக் கையுறையின் தையலைப் பார்த்த அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மாதக் கடைசியில் அவளை மெஷினுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது லைனையும் சுவரில் முட்டியவரே பார்த்துக்கொண்டார். கன்டெய்னர் வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை போனது. அவள் நைனா அந்த வருஷமும் மல்லாட்டை பிடுங்கப் போனார்.

நான் ஊரை விட்டுக் கிளம்பிய வாரம் மேனேஜர் ஹாலைச் சுற்றி வந்தவர் அவள் மெஷினுக்கு முன்னால் நின்றார். நல்ல மூடில் இருந்தார்.

"இன்னாம்மா, வெள்ளிக்கிழம போயிடுமா? இல்ல, தெரியாதா?"

அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.

"போயிடும் சார்."

ஹாலே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமைக்கு ஏற்ற வேண்டிய பெட்டிகளில் பாதி என் மேஜைக்கடியில் காலியாகக் கிடந்தன.