குரங்கு லாரியும் அம்மாவின் பெர்மிட்டும்

ரசம் தாளித்த பெருங்காய வாசனைக்கு நடுவே டிவியில் லாரி ஹாரன் அலறும். அப்பா தட்டோடு சோபாவுக்கு வந்துவிடுவார். நாங்கள் ‘குரங்கு லாரி’ என்று அழைத்த அந்தத் தொடர், நான் பிறப்பதற்கு முன்பே எடுத்து முடித்து, வெளிநாட்டில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ நாட்களில் சனிக்கிழமைதோறும் மறுபடி மறுபடி ஓடவிட்ட ஒரு கண்றாவி. ஒரு லாரிக்காரன், பக்கத்து இருக்கையில் டயப்பர் கட்டிய ஒரு சிம்பன்சி, அவர்களைத் துரத்துவதற்கென்றே சம்பளம் வாங்கும் முட்டாள் போலீஸ், வாரத்துக்கு ஒரு புதுப் பெண். சரக்கை எங்கே இறக்கினான் என்று ஒரு வாரமும் காட்டியதில்லை. கதை எழுதியதும் அந்தச் சிம்பன்சிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த அபத்தத்துக்கு எங்கள் வீட்டில் தெய்வாம்சம் வேறு. மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த, படித்த மனிதர் அப்பா. சிம்பன்சி தலைகாட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். “அர்ஜுனன் தேர்க்கொடியிலயே ஆஞ்சநேயர் இருந்தாரு. ஓட்டுறவன்கூட அவர் இருந்தா ஆக்சிடெண்டே ஆகாது” என்பார். ஆஞ்சநேயருக்கு யாரும் டயப்பர் கட்டிவிட்டதாக நான் எந்தப் புராணத்திலும் படித்ததில்லை.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போக விசா இடம் தரவில்லை. லைப்ரரியோ கோயிலோ, எங்கே போவதானாலும் அப்பா வரும்வரை ஜன்னலோரம் காத்திருக்க வேண்டும். தானாகவே படித்து எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டிப் பழக அனுமதிக்கும் ‘பெர்மிட்’ வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தாள். கற்றுக்கொடுக்கச் சொன்னால், “ஸ்னோ போகட்டும்” என்பார் அப்பா. ஸ்னோ போனதும், “உனக்கு எதுக்கு லைசென்ஸ்? நான்தான் டிரைவ் பண்றேனே.”

ஒரு சனிக்கிழமை ரசம் ஊற்ற வந்தவள் டிவியைச் சற்று நேரம் பார்த்தாள். “அவன் ஓட்டுறான், அது பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. நம்ம வீட்டுக் கதையை எவனோ எடுத்துட்டான்” என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அது ஜோக். பெர்மிட் காலாவதியானபோது அவள் புதுப்பிக்கவில்லை.

இத்தகைய கட்டுரைகளின் முடிவில் காணாமல் போனவற்றுக்காகக் கண்ணீர் விடுவது வழக்கம். குரங்கு லாரியைப் பற்றி அந்தக் கவலை வேண்டாம். அது இலவசமாகவே ஃபோனில் கிடைக்கிறது, கீழே கமெண்டில் பெரிய மனிதர்கள் ‘அந்தக் காலம் திரும்ப வருமா’ என்று உருகி எழுதுகிறார்கள். வரவே வேண்டாம்.

அப்பா இறந்தபின் அம்மா ஃபிரிஸ்கோவில் என்னோடு இருக்கிறாள். இங்கே கொத்தமல்லி வாங்கக்கூடக் கார் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில், ஆளில்லாத ஒரு பார்க்கிங்கில் காரை நிறுத்தி, இறங்கிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

“அம்மா, நீ அந்த சைடு போய் உக்காரு. நான் சொல்லித் தரேன், யாருமே இல்ல.”

ஸ்டீயரிங்கைப் பார்த்தாள்.

“அப்ப வேணும்னு இருந்துச்சுடி. இப்ப இல்ல. கிளம்பு, நடை சாத்திடுவாங்க.”

சீட் பெல்ட்டை அவள் அவிழ்க்கவே இல்லை. கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.