ஊறுகாய் பாட்டிலில் நாற்பத்தைந்து நாள்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால், விசா வருவதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிடும். அடுத்த நாளே பொட்டலங்கள் வரத் தொடங்கும். "ஒண்ணுமில்ல, சின்னப் பொட்டலம்தான், எம் புள்ள ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்" என்பார்கள். அந்தச் சின்னப் பொட்டலத்தைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கும். முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊரில் உண்டு. நான் அந்த ரகமில்லை. சிதம்பரத்தில் இருபத்தெட்டு வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். ஒரே ஒரு காப்பி என்று வந்து நின்றவர்களுக்கெல்லாம் பூட்டிய கடையைத் திரும்பத் திறந்தவன்.

போன வருடம் கத்தாரில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நானும் மனைவியும் சேர்ந்து போய்ப் பார்ப்பதாகத்தான் பேச்சு. அவள் அங்கன்வாடியில் டீச்சர். வெளிநாடு போக மேலிடத்து அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு ஆர்டர் வந்தா பாத்துக்கலாம்" என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை. நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் மருந்துகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் என்னுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. மனைவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். பழைய இரண்டையும் டாக்டர்கள் எடுக்கவில்லை. அவை பாட்டுக்குச் சுருங்கிக் கிடக்க, அவளுடையதை என் அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்துத் தைத்தார்கள். ஆக, உதவாத இரண்டும் உழைக்கிற ஒன்றுமாக என்னிடம் மூன்று, அவளிடம் ஒன்று. இதுவே எனக்கு ஓர் அதிசயம். அதைவிடப் பெரிய அதிசயம், அதைக் கட்டிக் காப்பது சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காப்ஸ்யூல்கள் என்பது. வேற்றாள் உறுப்பு என்று உடம்பு அதை விரட்டாமல் இருக்க, காலை ஒன்பது, இரவு ஒன்பது, ஆயுள் முழுக்க அவற்றைப் போட வேண்டும். சில வேளை மருந்து தவறினாலும் கிட்னி போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த மருந்துகள் எங்கள் ஊர்க் கடைகளில் இருக்காது. கடலூரில் ஒரு கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

புறப்பட மூன்று நாள் இருந்தது. மனைவி அங்கன்வாடிக்குப் போயிருந்தாள். காடாம்புலியூரிலிருந்து என் சித்தப்பா மகன், கத்தாரில் இருக்கும் தன் பையனுக்கென்று இரண்டு கிலோ முந்திரியோடு வந்தான். கூடவே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். "எம் பையனோட ரூம்ல இருக்கறவருக்கு முட்டி வலி மாத்திரைண்ணே. அங்க கெடைக்கலியாம்" என்றான். வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் போன பிறகு பார்த்தால் பெட்டியில் இடமே இல்லை. முறுக்கும் கருவாடும் சாம்பார்த்தூளும் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றன. கைப்பையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என் மருந்துதான். அதிலும் மருந்தா அடைக்கிறது, வெறும் அட்டையும் அலுமினியத் தாளும்தானே என்று எனக்குத் தோன்றியது.

ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்தேன். டிவி முன்னால் உட்கார்ந்து, வேர்க்கடலை உரிப்பதுபோல் அங்கே தங்கப்போகிற நாற்பத்தைந்து நாளுக்குமான மாத்திரைகளை உரித்து அதில் போட்டேன். பாட்டில் முழுசாக நிறையக்கூட இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். குப்பை வண்டி வந்தது, காலி அட்டைகளை அள்ளிக் கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் டிக்கெட்டைக் கொடுக்க நண்பர் வந்தார். லால்பேட்டைக்காரர், சவூதியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்து, என் பழைய கடைக்குப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். பாட்டிலைப் பார்த்தார்.

"இது என்னா மச்சான், ஊறுகாயா?"

"மாத்திரை. எடம் மிச்சம் பண்ணியிருக்கேன்."

நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார். "அங்க கஸ்டம்ஸ்ல இது என்னா மாத்திரைன்னு கேட்டா என்னா காட்டுவ? பேரு இல்ல, தேதி இல்ல. டாக்டர் சீட்டு இருந்தாலும், சீட்டுல இருக்கறது இதுதான்னு யாரு சொல்றது?" பிறகு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். அதில் பெயர் இருந்த பக்கத்தை வெட்டிவிட்ட துண்டு அட்டைகள். "வலி மாத்திரைல சிலது அங்க ஜெயில்ல கொண்டுபோயி வுட்டுடும் மச்சான். யாருக்கு வாங்குனதா இருந்தா என்னா, உன் பையில இருந்தா அது உன்னோடது. அல்லாஹ் காப்பாத்தணும்."

உடனே கடலூர் மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். "அய்யய்யோ சார், அந்த காப்ஸ்யூல்ல காத்து, ஈரம் படக் கூடாது. அத நம்பிப் போடாதீங்க" என்றார் கடைக்காரர். அன்றாடத்துக்கென்று அலமாரியில் வைத்திருந்த ஒரே ஓர் அட்டைதான் என்னிடமிருந்து தப்பியது.

மனைவி வந்ததும் எதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டு வாங்குவதில் எனக்கு முப்பது வருட அனுபவம் உண்டு, தயாராகத்தான் நின்றேன். அவள் திட்டவில்லை. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்தாள்.

"ஏங்க, இது உங்க மாத்திரைன்னா நெனச்சீங்க? இது என் கிட்னிக்குப் போடற சோறுங்க. அத அவ்ளோ தூரம் அனுப்பறேன். பட்டினி போடவா அனுப்பறேன்?"

நான்கு வருடமாக என் வியாதி, என் மருந்து, என் பத்தியம் என்றே பேசிக்கொண்டிருந்தவன் நான். தினமும் ஒன்பது மணிக்கு அவள் தண்ணீர்ச் சொம்போடு வந்து, நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவாள். எனக்காக நிற்கிறாள் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்று நான் இருந்துவிட்டேன். அவளோ கட்டிக்கொடுத்த மகளை விசாரிப்பதுபோல் அதைத் தினம் இரண்டு வேளை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் கடலூருக்குப் போனாள். புதுச்சேரியிலிருந்து மருந்து வந்து சேரும்வரை கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினாள். வந்ததும் என் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டாள். "தம்பி, முந்திரி பெட்டியில போவும். மாத்திரைய மட்டும் வந்து எடுத்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. முடியாது என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு குறைவான மூச்சு போதும் என்பது எனக்கு அறுபது வயதில் தெரிந்தது.

பிறகு கைப்பையைத் தலைகீழாகக் கொட்டிவிட்டு அவளே அடுக்கினாள். பிரிக்காத அட்டைகள் அதனதன் பெட்டியோடு. என் பெயர் போட்ட பில். ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதம். அதன் நகல் ஒன்று பெரிய பெட்டியிலும். திரும்புவது தள்ளிப்போனால் என்று பத்து நாள் மருந்து கூடுதலாக. "பெரிய பெட்டி தொலைஞ்சா தொலையட்டும். இந்தப் பை மட்டும் உங்க மடியிலயே இருக்கணும். மேல ஏத்தி வெக்காதீங்க" என்றாள். நமக்கு ஒன்பது என்றால் கத்தாரில் ஆறரைதான், எந்த மணிக்குப் போடுவது என்று கேட்டேன்.

"அது நம்ம ஊரு கிட்னி. நம்ம ஊரு மணிக்குத்தான் சாப்புடும்" என்று தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

தோஹாவில் அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார். கடிதத்தை முழுதாகப் படித்தார். அட்டைகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பிறகு என் முகத்தையும், கொஞ்சம் கீழே என் வயிற்றையும் பார்த்தார். கடிதத்தை மடித்து அதே உறையில் போட்டு, பையின் ஜிப்பையும் அவரே இழுத்து மூடிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மகள் வீட்டில், கைக்கடிகாரத்தில் ஒன்பது ஆனபோது மனைவி வீடியோவில் வந்தாள். அவள் பார்க்க அட்டையிலிருந்து காப்ஸ்யூலைப் பிதுக்கி விழுங்கினேன். மகள் குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நெஞ்சோடு அணைத்து, போனுக்கு நேராகக் காட்டினேன். மனைவி திரைக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

"ஏங்க, புள்ளையக் கொஞ்சம் கீழ எறக்குங்க."

எதற்கென்று தெரியாமல் இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம். வலப்பக்கம். அழுத்தாம."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தையல் போட்ட இடத்தின் மேல் குழந்தையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அது கண்ணைத் திறக்காமலே காலை நீட்டி என் வயிற்றில் ஓர் உதை விட்டது.

"ஒதைக்கிறா" என்றேன்.

"தெரியுதுங்க" என்றாள்.