திறப்பு விழாவுக்குக் காத்திருந்த கதவு

பல வருஷமாக என் மேசையில் ஒரு பித்தளைப் பூட்டு கிடந்தது. காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பூட்டு திறக்கப்படவே இல்லை. அதோடு பெயர்ந்து வந்த கொண்டியில் கதவின் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 

ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அரசுப் பள்ளியில் அப்போது நான் தமிழாசிரியை. தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். பள்ளிக் கட்டடங்களில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய மாவட்ட அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். "எங்களுக்கு மொதல்ல கக்கூஸ் வேணும் சார். பொம்பளப் பிள்ளைகள்லாம் வாழைக்குள்ள ஒதுங்குதுவ" என்றார் பெரிய டீச்சர். அதிகாரி வடையைக் கடித்துக்கொண்டே, "ரோட்டுல போற காருக்குள்ள இருந்து பாத்தா அது தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. முதலில் வாசலில் அலங்கார வளைவு, அடுத்து ரோட்டுப் பக்கச் சுற்றுச்சுவர், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் கழிப்பறையை என்று முடிவானது. அடச் சீ, இதற்கு ஒரு கூட்டம், அதற்கு டீயும் வடையும் வேறு!

பிள்ளைகள் காலையில் கொண்டுவருகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிறைந்து வீட்டுக்குத் திரும்பும். குடித்தால்தானே ஒதுங்கப் போக வேண்டும்!

ஒருவழியாகக் கழிப்பறையும் வந்தது. டைல்ஸ், குழாய், முகம் பார்க்கக் கண்ணாடி, எல்லாம் இருந்தது. அதிகாரியே வந்து இந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பெரியவங்க வந்து ரிப்பன் வெட்டுத வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகப்பிடாது. அசிங்கமாக்கி வச்சிருவாளுவ." அசிங்கமாம்! வாயில் நல்லா வருது எனக்கு.

அந்தப் பெரியவருக்கு நாள் வாய்க்கவே இல்லை. எட்டாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி. தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டாள். வாழைத்தார் சுமக்கிற அவள் அம்மா தோட்டத்திலிருந்து நேரே வந்து நின்றாள். "படிச்சது போதும் டீச்சர். எங்கூட வேலைக்கு வரட்டும். பிள்ள உசிரோட கெடந்தா போதும்."

 பெரிய டீச்சர் எழுந்து போய், சுவர் கட்டி மிஞ்சிக் கிடந்த கருங்கல் ஒன்றைத் தூக்கிக் கழிப்பறைக் கதவின் கொண்டியின்மேல் போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார், அது பூட்டோடு பெயர்ந்து விழுகிற வரைக்கும். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "உள்ள போயிப் பாரு தாயி. மேலுக்குச் சரியானதும் பிள்ளைய அனுப்பி வையி" என்றார். பிள்ளை வந்தாள். அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி டீச்சரை விக்கிரமசிங்கபுரத்துக்கும் அங்கிட்டு, மலையடிவாரத்துப் பள்ளிக்குத் தூக்கியடித்தார்கள். கிளம்பும்போது பூட்டை என் கையில் வைத்து, "வச்சிக்கிடுங்க" என்றார், அவ்வளவுதான்.

போன வாரம், ஓய்வு பெற்ற ஆசிரியை என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்ததால் அதே பள்ளிக்குப் போயிருந்தேன். வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். இந்தத் தடவை அதுதான் முதல் வேலையாம். பழைய கழிப்பறையை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள். கதவில் பூட்டு. "திறப்பு விழாவுக்குத் தேதி கேட்டிருக்கோம் டீச்சர்" என்றார் இப்போதைய அதிகாரி, சிரித்துக்கொண்டே. பள்ளி விடுகிற நேரம். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணின் தோளில் பாட்டில் தொங்கியது. கழுத்து வரைக்கும் தண்ணீர்.

 கல்லைத் தேடினேன். ஒன்றுகூடக் கிடையாது, தரையெல்லாம் பதித்து மூடிவிட்டார்களே! அப்போதுதான் என் காலுக்கடியில் ஒரு பேவர் பிளாக் ஆடியது. பதித்த ஈரம்கூட இன்னும் காயவில்லை, வேலை இந்த லட்சணம். குனிந்து விரலைக் கொடுத்தேன். நோகாமல் கையோடு வந்துவிட்டது.

இப்போது என் மேசையில் பூட்டு இரண்டு.