குஞ்சின் கழுத்தில் பாசிமணி

கோழி செத்தால் நானே அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்லிவிடுவேன். நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் எனக்கு அந்தத் திமிர் உண்டு. அன்று முதல்முறையாகச் செத்த குஞ்சு ஒன்றை அறுத்தேன். கழுத்துத் தோலுக்கு அடியில், இரண்டு பக்கமும் பாசிமணி கோத்ததுபோல வெளிறிய கட்டிகள். பெரிய கோழிகளில் இப்படிப் பார்த்ததே இல்லை. ஏதோ தொற்றுநோய்தான் என்று மீதி மூவாயிரம் குஞ்சுகளையும் கொன்று புதைக்கக் குழி வெட்டச் சொல்லிவிட்டேன்.

மனம் கேட்காமல் செத்த குஞ்சோடு கால்நடை டாக்டரிடம் ஓடினேன்.

"இது நோயில்லீங்கம்மா, தைமஸ்ங்கிற சுரப்பி. நோயை எதிர்க்கிற டி செல்லு இங்கதான் தயாராகுது. குஞ்சு குளிருக்கு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, நசுங்கிச் செத்திருக்குது."

"பெரிய கோழிக்கு ஏனுங்க இல்லை?"

"வயசானா சுருங்கிருமுங்க. நமக்கும் நெஞ்செலும்புக்குப் பின்னால இருந்துச்சு, இப்பச் சுருங்கிருச்சு."

"அப்ப இந்த வயசுல என்னைய எது காப்பாத்துதுங்க?"

"முன்னாடியே தயாரான செல்லுங்கதான். ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு, குறையறதை அதுங்களே நிரப்பிக்கும்."

குழியை மூடச் சொல்லிப் போன் செய்தேன். இன்னொரு கை தானாக நெஞ்செலும்பைத் தடவியது. என் சிறுவயதுச் செல்களின் வாரிசுகள் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இப்போதும் குஞ்சு செத்தால் அறுத்துப் பார்க்கிறேன். காரணத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன்.