சங்கிலிக்கு அளவு

அமிர்தகழியில் மீனும் கிளியும் நாய்ச்சாமானும் விற்கிற கேதீஸ்வரி அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கழுத்தளவு தெரியாமல் வாறவருக்கு நாய்ப்பட்டி கொடுக்க மாட்டா. "இறுகினா வாயில்லாச் சீவன் எப்பிடிச் சொல்லும்?" என்று ஏசி அனுப்பிவிடுவா.

நேற்று, பக்கத்து ஒழுங்கை உதயரூபன் வந்து, பூட்டுப் போடக்கூடிய சங்கிலி கேட்டார். அவர் வீட்டில் நாய் இல்லை.

"நாய் வாங்கிட்டீங்களா? அளவு கொண்டந்தீங்களா?"

"ஓம்." சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளிக் கொலுசை எடுத்து மேசையில் வைத்தார். "இந்த அளவு காணும்."

அவருடைய மகள் நிருஷா மீன்தீனி வாங்க வரும்போதெல்லாம் அந்தக் கொலுசுச் சத்தம்தான் முன்னுக்கு வரும். இரண்டு கிழமையாக அவளைக் காணவில்லை.

"சங்கிலி முடிஞ்சு போச்சு" என்றா அக்கா.

உதயரூபன் அவவின் தலைக்கு மேல் வரிசையாகத் தொங்கிய சங்கிலிகளைப் பார்த்தபடியே நின்றார்.