நாயின் முழங்காலுக்கு எடுத்த சீட்டு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆக்லாந்தில் எட்டு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் ஆட்டுத் தோல் உரித்து, அந்தக் காசில் பாபகூராவில் சொந்தமாக ஒரு டெய்ரி வாங்கினேன். பாலும் பாணும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர். படித்தவர்கள் வாடகை வீட்டில் இருந்தபோது நான் கடைக்காரன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பாண் ரொட்டித் தட்டுகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். முகத்தை மூடிய இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒருவன் கையில் அலவாங்கு, கனத்த இரும்புக் கம்பி. மற்றவன் மேசையைத் தாண்டி என் மனைவியின் தலைமயிரைப் பிடித்து, நெற்றியைக் காசுப்பெட்டியில் மோதினான்.

பின்னறையிலிருந்து என் நாய் வந்தது. குரைக்கவில்லை. நேரே அவன் முன்கையில் பல்லை இறக்கியது. அலவாங்குக்காரன் நாயின் முதுகில் அடித்தான், அது விடவில்லை. அடுத்த அடி பின்காலின் முழங்காலில் விழுந்தது. முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் அது பிடித்த கையை விடவில்லை.

நான் பால் பெட்டியைத் தூக்கி அலவாங்குக்காரனின் வாயில் அடித்தேன். இரண்டு பல் தரையில் விழுந்தது. விழுந்தவனை மிதித்தேன். எத்தனை மிதி என்று தெரியாது. மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தபிறகுதான் நிறுத்தினேன். மற்றவன் நாயின் வாயிலிருந்து கையை உருவிக்கொள்ள, இருவரும் ஓடிப்போனார்கள். ஒரு சதம் போகவில்லை. பாண் முழுக்க இரத்தம், எல்லாவற்றையும் எறிந்தோம்.

நாய் வைத்தியர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். முழங்கால் சில்லு வெடித்து, உள்ளே நார் அறுந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு இரண்டாயிரம் டொலர். செவ்வாய்க்கிழமைக்குள் முழுதாகக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். என் காசெல்லாம் கடைக்குள் சாமானாகக் கிடந்தது. வங்கி ஏற்கனவே என் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேலில் ஓர் அக்கா வீட்டில் எங்கள் ஊர்ச் சனத்தின் சீட்டு. பதினைந்து பேர் மாதம் ஆளுக்கு இருநூறு போடுவோம். அந்த மூவாயிரத்தில் யார் அதிகம் கழித்து விடுகிறாரோ அவருக்குச் சீட்டு. கழித்தது மற்றவர்களுக்குப் பிரியும். ஆகவே சீட்டுக்குப் போகிறவன் தன் அவசரத்தை வாய் திறந்து சொல்லக் கூடாது. எனக்கு அது தெரியாதா? ஆனால் கள்ளனின் பல்லைக் கொட்டிய கதையைச் சொல்லாமல் எப்படி இருப்பது? தேநீர் வருமுன்பே சொல்லி முடித்தேன். வைத்தியர் கேட்ட தொகையையும் சொன்னேன்.

எனக்கு எதிரே, நகர மையத்தில் வேலை செய்யும் கணக்காளர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"நூறு," என்றேன்.

"முன்னூறு," என்றார் அவர்.

"ஐந்நூறு."

"எண்ணூறு."

"தொளாயிரம்."

"தொளாயிரத்து ஐம்பது," என்றார். தேநீரை ஊதினார்.

"ஆயிரம்," என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். கணக்காளர் அல்லவா, எங்கே நிறுத்துவது என்று தெரியும். வெறுப்புக்குத்தான் ஏற்றியிருக்கிறார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே," என்றார். "அங்க சனம் பங்கருக்குள்ள கிடந்து சாகுது. நீங்கள் நாயின்ர முழங்காலுக்குச் சீட்டு எடுக்கிறியள். கடவுளுக்கு அடுக்குமோ?"

ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது, சனம் குண்டுக்குப் பயந்து பதுங்குகுழிகளில் கிடந்தது. அவருடைய தாய் அங்கேதான் இருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அவர் மூக்கில் குத்தினேன்.

கதிரையோடு போய் விழுந்தார். தேநீர்க் கோப்பைகள் நொறுங்கின. எழுந்து வந்து பலகாரத் தட்டால் என் காதடியில் ஒன்று வைத்தார். படித்தவர், அடிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன். நல்ல அடி. இரண்டு நாள் அந்தக் காது கேட்கவில்லை. நான் அவர் கழுத்தைப் பிடித்தபோது ஐந்தாறு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

சீட்டுப் பிடிக்கும் அக்கா உடைந்த கோப்பைகளுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஆயிரம் கழிவு, சீட்டு உங்களுக்குத்தான். சீட்டுப் பாதிக்கு வர முன்னம் எடுக்கிறவருக்குப் பிணை வேணும். ஆர் பிணை?" என்று கேட்டார்.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் கார்ச் சாவியைத் தேடினார்கள்.

கணக்காளர் துவாயால் மூக்கைப் பொத்தியபடி சொன்னார்: "நான் நிக்கிறன். ஆனா அவர் என்னட்டக் கேக்கோணும். எல்லாருக்கும் முன்னால."

நான் ஒருவனிடமும் கேட்டு வாழ்ந்தவனில்லை. எழுந்து போகத்தான் கால் வந்தது. மனைவி என் கையைப் பிடித்தாள். அவளுடைய நெற்றியில் வீக்கம் இன்னும் இறங்கவில்லை.

"இஞ்சாருங்கோ, கேளுங்கோ. அது அங்க கூட்டுக்குள்ள கிடந்து அனுங்குது."

"எனக்குப் பிணை நில்லுங்கோ, தம்பி," என்றேன்.

"தம்பியோ?"

"ஐயா," என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். கொப்பியில் அவருடைய இரத்தம் ஒரு சொட்டு விழுந்தது. அக்கா அதை விரலால் துடைத்துவிட்டு எனக்கு இரண்டாயிரத்தை எண்ணித் தந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை காசைக் கட்டினேன். முழங்காலைத் திறந்து, கம்பி போட்டு, நாரைத் தைத்து மூடினார்கள். மூன்று மாதம் அதைத் தூக்கிக்கொண்டுதான் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். முப்பது கிலோ. ஆட்டைத் தூக்கிய தோள், தாங்கியது.

அதற்குப் பிறகு ஒரு நாள் கணக்காளர் கடைக்கு வந்தார். "என்ர பிணையைப் பாக்க வந்தனான்," என்றார். நாய் கடையின் மறுகோடியில் படுத்திருந்தது. அவர் மேசைக்கு உள்பக்கம் கால் வைத்ததும் ஒரே பாய்ச்சலில் வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. நான் இழுத்துப் பிரிப்பதற்குள் காற்சட்டை கிழிந்து, சப்பாத்துக்குள் இரத்தம் இறங்கிவிட்டது.

"ஐயோ, அண்ணை! பிடியுங்கோ!" என்று கத்தினார். பிறகு தரையில் உட்கார்ந்து நாயின் பின்காலைப் பார்த்தார்.

"நொண்டேல்லையே," என்றார்.

"இல்லை," என்றேன். தையல் போட அவரை நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.