நான் அழித்த ஏழு நாள்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்து முடித்துவிட்டே கேளுங்கள். ஆவி வந்தது, சொப்பனத்தில் சேதி சொன்னார்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். மயிலாப்பூரில் எங்கள் சின்ன சர்ச்சில் ஞாயிறு பள்ளி டீச்சர். அதோடு சபையின் புத்தக அலமாரிக்கும் நான்தான் காவல். அந்த வேலைதான் என் பிராணனை வாங்கியது.

யுத்த காலம், காகிதமே கிடைக்கவில்லை. வருஷம் முழுக்க நாளுக்கொரு பக்கம் என்று போட்ட குடும்ப ஜெபப் புத்தகம் சபையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அது வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றும். திரும்பி வரும்போது பார்க்க வேண்டுமே, ஒரு வீட்டில் மெழுகு சொட்டியிருக்கும், இன்னொரு வீட்டில் மீன் குழம்பு. இது போதாதென்று, அன்றைய பக்கத்தை வாசித்து ஜெபம் பண்ணியவர் ஓரத்தில் பென்சிலால் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவது எங்களில் வழக்கம். சொந்தப் புத்தகத்தில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது, சபைப் புத்தகத்திலுமா? சனிக்கிழமைதோறும் ரப்பரோடு உட்கார்ந்து அழிப்பேன். சிவப்பு ரப்பர், தேய்த்த இடத்தில் லேசாகச் சிவப்புத் தீற்றல் விழும்.

அடையாற்று ரத்தினம் வீட்டிலிருந்து புத்தகம் வந்த சனிக்கிழமை, ஏழு நாள் பக்கத்திலும் 'ஞா' என்று இருந்தது, துணைக்காலை மட்டும் வால் மாதிரி கீழே இழுத்து. எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து. அவள் புருஷன் ஞானமுத்து ரங்கூன் அரிசி ஆலை வேலைக்குப் போகுமுன் அதே வாலுக்காக என்னிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியவர். ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அவரிடமிருந்தும் கூட இருந்த தம்பியிடமிருந்தும் ஒரு கார்டுகூட இல்லை.

"ஏன் ரத்தினம், சபை புக்குலதான் அவரு மாதிரி எழுதிப் பழகணுமா?" என்றேன்.

"நான் எழுதல டீச்சரம்மா, ஆண்டவர் சாட்சி. தெனம் ஜெபத்துக்குத் தொறந்தா எழுதிக் கீது. அவரு உயிரோட கீறாரு. அழிச்சிடாதீங்க."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இன்று இவளுக்கு விட்டால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவார்கள். அவள் கண் முன்னாலேயே ஏழையும் அழித்து, தூசியை ஊதித் தள்ளினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். அடுத்த வாரம் வாங்க வேண்டிய வீட்டார் குண்டுக்குப் பயந்து ஊருக்குப் போய்விட்டதால் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து திறந்தால், அன்றைய பக்கத்தில் 'ஞா'. வாலோடு.

மணி அடிக்கிறவரைக் கூப்பிட்டு உலுக்கி எடுத்தேன். "நம்மாண்ட ஏதும்மா சாவி?" என்று அவர் திருப்பிக் கேட்டார். திங்களும் இருந்தது, செவ்வாயும் இருந்தது. நம்பினால் நம்புங்கள், எடுத்த ரப்பரை அழிக்காமலே திரும்ப வைத்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.

விஷயம் தெரிந்து ரத்தினம் தினமும் சாயங்காலம் அடையாற்றிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். எழுத்தைப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். எனக்கு வேறு வேலை இல்லையா, தினம் ஒருத்திக்கு அலமாரி திறந்து காட்ட? முணுமுணுத்துக்கொண்டே திறந்து காட்டினேன். இப்படியே ஐம்பது நாளுக்கு மேல் போனது.

ஒரு நாள் பக்கம் வெறுமையாக இருந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள், அவரையும் கூட்டிக்கொண்டு. அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார், காட்டு வழியாகவே பர்மாவைக் கடந்து, எலும்பும் தோலுமாக.

போகும்போது கொண்டுபோன சொந்த ஜெபப் புத்தகத்தை மூட்டையிலிருந்து எடுத்துக் காட்டினார். நம்முடையது போலவே அதே அச்சு. முந்தின நாள்வரை ஒவ்வொரு நாளும் 'ஞா'. நடுவில் ஏழு நாள் மட்டும் இல்லை. நான் அழித்த அதே ஏழு நாள். அங்கே காகிதம் தேய்ந்து பஞ்சு மாதிரி எழும்பியிருந்தது, லேசாகச் சிவப்புத் தீற்றல்.

"ஒரு நாள்கூட உடல டீச்சரம்மா, எல்லா நாளும் போட்டேன். இந்த ஏழு நாளு மட்டும் இன்னா நடந்துச்சுன்னு நெனப்பே இல்ல. அதுக்கு முன்னால தம்பி என்கூட நடந்துக்கினு வந்தான். அப்பால பாத்தா நான் மட்டும் நடக்கிறேன். பொதைச்சேனா, உட்டுட்டு வந்தேனா, தெரியல. அவன் எங்கடான்னு அம்மா கேட்டுக்கினே கீறாங்க."

ரத்தினம் என்னைப் பார்த்தாள். திட்டித் தொலைக்கட்டுமே என்றிருந்தது. அவள் அந்தப் புத்தகத்தை மூடி மூட்டைக்குள் வைத்தாள். அழித்தது நான்தான் என்று அவரிடம் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இன்றுவரை.

சபைப் புத்தகத்தைச் சுத்தமாக வைத்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? என்னையே கோபமாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வாரமே பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, நான் அழித்த ஏழு பக்கத்திலும் நானே 'ஞா' எழுதி, வாலையும் இழுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் திறந்தால் ஏழும் இல்லை. ரப்பரை அதற்கு முன்பே கிணற்றில் போட்டிருந்தேன். அதன் பிறகும் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அவர் போட்ட மற்ற நாட்களின் எழுத்தெல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது, நான் எழுதுவதுதான் காலைவரை நிற்பதில்லை.